ஏழாவது குழியின் காவல்

சடையன், நெல்லிவாசல்நாட்டு மலைக் குடியானவர். தகப்பன் பெயர் சேட்டு, மனைவி மாதம்மாள், பிள்ளைகள் இல்லை. சாமை விதைத்தார். பங்கில் வந்த புளியமரம் இரண்டு இருந்தன. 1974இல், மலைச்சாலைக்குப் பாறை உடைக்க வந்த கான்ட்ராக்டரிடம் சிவப்புக் கொடி காட்டும் வேலையில் சேர்ந்தார். 1975 ஐப்பசியில் அந்த வேலை நின்றது. 1987 தை மாதம் இறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் தெரியும்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அது உண்மை. வெடி வைக்கும் இன்ஜினியர் வங்காளத்துக்காரர். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். அவர் உத்தரவை ஓவர்சியர் ராஜாக்கண்ணு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் திரி பாதி எரிந்துவிடும். ஆகவே சடையன் சொல்லைக் காதால் வாங்கி, அடுத்து நடப்பதைக் கண்ணால் பார்த்து, இரண்டையும் முடிந்து வைத்துக்கொண்டார். ‘ஸ்டாண்ட் பேக்’ என்றால் ஆட்கள் பின்வாங்கினார்கள். ‘கோ ஆஃப்’ என்றால் மருந்து வெடித்தது. ‘கேரி ஆன்’ என்றால் சம்மட்டி மறுபடியும் எழுந்தது.

ராஜாக்கண்ணு கண்ணமங்கலத்துக்காரர். ஒரு மத்தியானம் கூழ் குடிக்கையில் அவர் விளக்கினார்: “நம்மகிட்ட ‘விடு’ன்னா ஒண்ணு, ‘விட்டுக்குடு’ன்னா வேற ஒண்ணு இல்லியா? அவங்களுக்கும் அப்பிடித்தான்பா. ‘கோ’ன்னா போறது, ‘கோ ஆஃப்’ன்னா வெடிக்கிறது. வால மாத்தினா மாடே மாறிடும்.”

சடையனுக்கு அது பிடித்துப்போயிற்று. சொற்கள் வீட்டுக்கும் வந்தன. “மாதம்மா, கெட் அப், கோழி கூவிருச்சி” என்று எழுப்புவார். “வெளக்க புட் அவுட் பண்ணு” என்பார். களத்துச் சாமையில் வாய் வைக்க வரும் எருதிடம் கை நீட்டி, “ஸ்டாண்ட் பேக்!” என்று அதட்டுவார்.

“எருதுக்கு இன்னாய்யா தெரியும் தொர பாஷ?” என்பாள் மாதம்மாள். “கோலத் தூக்கு, அது புரியும்.”

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின நாள் ஏழு குழிகளில் மருந்து அடைத்தார்கள். திரி பற்றவைத்ததும் சடையன் கொடியை உயர்த்திப் பிடித்தபடி ஓசைகளை எண்ணினார். ஆறு கேட்டன. எல்லோரும் காத்திருந்தார்கள். ஏழாவது கேட்கவில்லை. ஆறு வெடியில் சரிந்த கற்குவியல் எல்லாக் குழிகளையும் மூடிக்கிடந்தது. எது ஏழாவது என்று கைகாட்ட ஒருவராலும் முடியவில்லை. ‘ஒன் டிட்ன்ட் கோ ஆஃப்’ என்றார் இன்ஜினியர், யாரையும் பார்க்காமல். மழை இறங்கியது.

மறுநாள் காலை கூடாரங்களைப் பிரித்து ஜீப்பில் ஏற்றினார்கள். வேலையைக் ‘கால் ஆஃப்’ செய்து, பாதியிலேயே கைவிட்டதாகப் பேச்சு. இன்ஜினியர் கற்குவியலைச் சுட்டி, ‘லுக் ஆஃப்டர் இட். வீ வில் கம் பேக்’ என்றார். பார்த்துக்கொள், திரும்பி வருவோம். சடையனுக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜாக்கண்ணு மட்டும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்:

“யாரையும் அண்ட விடாதே. ஒரு பொறி போதும், ஒரு சம்மட்டி அடி போதும். மருந்து பழசாக ஆக இன்னும் மோசம். அதுக்கு வேர்க்கும், எண்ணெ மாதிரி கசியும்.”

மழைக்காலம் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. சடையன் அடிவாரத்துக்கு இறங்கிப் பார்த்தார்; கான்ட்ராக்டரின் கொட்டகை காலியாகக் கிடந்தது. திரும்பி வந்து குவியலைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். விறகுக்குப் போனவர்கள் அதை எடுத்துப்போனார்கள். அதன்பின் அவர் செய்ததுதான் பிழை. கற்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் தம் சிவப்புக் கொடியை நட்டார்.

வெடிப் பாறையில் சிவப்புத் துணி என்றால் வராதே. மலையில், அடுக்கிய கல்லின்மேல் சிவப்புத் துணி என்றால் வந்து கும்பிடு. அங்கேயே பிறந்த சடையனுக்கு இது தெரியாததல்ல, அன்று தோன்றவில்லை. முதலில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பிறகு கற்களில் மஞ்சள் பூசியிருந்தது. காணாமற்போன பசு ஒன்று வேண்டுதலுக்குப் பின் தானாக வீடு திரும்பியது. அடுத்த ஆடியில் அங்கே பொங்கல் வைப்பதென்று ஊர் கூடி முடிவெடுத்தது.

பொங்கல் அன்று குவியலின் மேலேயே அடுப்புக் கல் வைத்தார்கள். மாதம்மாளின் தம்பி லட்சுமணன் விறகைச் சுமந்து வந்தான்.

“சாமிய நட்டவரே நீங்கதான் மாமா. மொதப் பானை எங்க அக்காளோடது.”

“சாமி இல்லடா அது. அடியில மருந்து கெடக்குது.”

“ஒரு மழ முழுக்க ஊறின மருந்தா? எங்க வூட்டு நெருப்புப்பெட்டி ஒரு தூறலுக்கே நமத்துப்போவுது மாமா!”

எல்லோரும் சிரித்தார்கள். “மாமனுக்குப் பொங்கல்ல பங்கு பத்தாதாம், அதான் பயமுறுத்துது” என்றாள் அடுப்பு மூட்ட வந்த அம்மாக்கண்ணு. அவள் கையில் கொட்டாங்கச்சி, அதில் தணல். அவள் குனிந்தாள்.

சடையன் கொடியைப் பிடுங்கி வீசினார். “ஸ்டாண்ட் பேக்! ஸ்டாண்ட் பேக்! கெட் அவே!” உடம்பு உதறியது, பல் கிட்டியது. பயத்தில் வந்த உதறல் அது. மேளம் நின்றது. அம்மாக்கண்ணு தணலோடு பின்வாங்கி மண்டியிட்டாள்.

“எறங்கிட்டாருடி!”

ஊர் தரையில் விழுந்தது. லட்சுமணன் கைகூப்பினான். “எந்த மலை சாமியோ, நம்ம பாஷ இல்லியே. சாமி, இன்னா வேணும் சொல்லு.”

சடையன் தணலைப் பார்த்தார். மனிதராகச் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது மூச்சு விடாமல் காத்திருக்கிறார்கள்.

“நெருப்பு வாணாம்” என்றார். “சம்மட்டி வாணாம். என் எல்லைல ஒரு கல்லக்கூடப் பேர்க்காதீங்க.”

தணலில் தண்ணீர் ஊற்றினார்கள். சுருண்டெழுந்த புகை அடங்கும்வரை சடையன் உதறிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அவர் பூசாரி. சாமி இறங்கிய ஆள் எல்லை தாண்டி வெளியூரில் தங்கலாகாது என்பது ஊர்க்கட்டு. சந்தைக்கு இறங்கினாலும் பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுவார். விளக்கில்லாத, கற்பூரமில்லாத அந்தச் சாமிக்குப் பூவும் பச்சரிசியும் மட்டும் படைத்தார். கோடையில் புல் காய்ந்து மலையில் எங்காவது தீப் பிடித்தால், ஆட்கள் தத்தம் வயலுக்கு ஓடுவார்கள். சடையன் குவியலை நோக்கி ஓடுவார்.

1979இல் ராஜாக்கண்ணு ஜீப்பில் வந்தார். சமவெளியில் ஓர் அணைக்கட்டு வேலை. கொடிக்கு நிரந்தர ஆள் தேவை. தங்க வீடும் உண்டு.

“ஏழாவது குழிங்க?” என்று கேட்டார் சடையன்.

“அத ரைட் ஆஃப் பண்ணிட்டாங்கபா.”

அந்தச் சொல்லைச் சடையன் அதுவரை கேட்டதில்லை. “அப்பிடின்னா?”

“கணக்குல இருந்து தள்ளிட்டாங்க. காகிதத்துல அப்பிடி ஒரு குழியே இல்ல.”

சடையன் குவியலைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் கற்கள் மஞ்சளாய்க் கிடந்தன. “நீங்க போய்ட்டு வாங்க. கணக்குல இல்லாததுதான் இங்க இருக்குதுங்களே” என்றார்.

1987 தையில் மார்ச்சளியோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. லட்சுமணனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார்: சாமி இல்லை, இறங்கவும் இல்லை, அடியில் இருப்பது மருந்து. லட்சுமணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“தான் சாமி இல்லன்னு சாமியே சொல்லுது பாரு அக்கா. இன்னா அடக்கம்!”

அவன் வெளியே போனபின் சடையன் மனைவியைப் பார்த்தார். மாதம்மாள் ஈரத்துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் வைத்தாள்.

“எனக்குச் சொல்ல வாணாம்” என்றாள். “களத்துல எருத வெரட்டின பேச்சுத்தான அன்னிக்கி நீ போட்டது? தெனம் கேட்டவ நான்.”

சடையன் குவியல் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு, “லுக் ஆஃப்டர்” என்றார்.

அவர் காரியம் முடிந்ததும் ஊர் பேசத் தொடங்கியது. நெருப்பு வேண்டாம் என்றது சடையனின் வாய். அந்த வாய் போய்விட்டது. இந்த ஆடிக்குப் பானை ஏற்றினால் என்ன? ஆடி பிறந்த அன்று காலை, குவியலின் முன் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெளுத்துப்போன கொடி. அடுப்புக் கல்லோடு வந்தவர்களை நோக்கிக் கை நீட்டி, கணவரின் குரலிலேயே சொன்னாள்: “ஸ்டாண்ட் பேக்.”

வந்தவர்கள் கற்களைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

சடையன் காத்தது பதினோரு ஆண்டுகள். மாதம்மாள் காக்கத் தொடங்கி இது மூன்றாம் ஆண்டு.