ஆணியில்லாத களஞ்சியங்களோடு என் பாடு

புது வீடு வரைகிற ஆர்க்கிடெக்டிடம் "எப்ப குடிபோகலாம்?" என்று கேட்பார்கள்; பழைய மரக் களஞ்சியங்களைத் திருத்துகிற ஆர்க்கிடெக்டான என்னிடம் "இது இன்னும் விழேல்லையோ?" என்றுதான் கேட்பார்கள். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள பண்ணைகளில், ஒரு காலத்தில் வைக்கோலும் தானியமும் வைத்த பெரிய மரக் கட்டடங்கள்தான் என் பிழைப்பு. பழையதைத் திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கலியாண மண்டபம்

நான் திருத்திய களஞ்சியம் ஒன்றில் தன் மகளின் கலியாணத்தை வைக்கலாமா என்று பார்க்க, ஒஸ்லோவின் அம்மருட் பகுதியிலிருந்து சிவநேசன் அண்ணை வந்தார். மகளுக்கு இடம் நல்லாய்ப் பிடித்துவிட்டது. அண்ணை தூணைத் தட்டினார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆணி எங்கை பிள்ளை?"

"ஆணியே இல்லை அண்ணை. உத்தரத்தின்ர நாக்கைத் தூணுக்குள்ள செருகி, குறுக்கால மரமுளை அடிச்சிருக்கு. இருநூறு வருசமாய் நிக்குது" என்றேன் பெருமையாக.

அண்ணை பலகைத் தரையை ஒருக்கால் மிதித்துப் பார்த்தார். "நிண்டது சரி. ஆனால் எங்கட சனம் முன்னூறு பேர் இதுக்குள்ள ஒருக்காலெண்டாலும் ஆடிப் பாத்திருக்கோ?"

ஒன்பதாம் உத்தரம்

எந்த மரம் எங்கே வரும் என்று அந்தக் காலத்துத் தச்சர்கள் உளியால் ரோமன் இலக்கம் வெட்டி வைத்திருப்பார்கள். கழற்றிய களஞ்சியம் ஒன்றைத் திரும்ப நிறுத்தும்போது, "இதுதான் ஒன்பது" என்று நான் காட்டிய உத்தரத்தைக் கிரேன் தூக்கியது. நீளம் இரண்டு விரல் குறைவு. எப்படித் திருப்பியும் பொருந்தவில்லை. பழைய தச்சனின் கணக்குப் பிழை என்று நான் அறிவித்தும்விட்டேன்.

எங்கள் தச்சர் குனூட் ஒரு நாளைக்கு ஐந்து வசனத்துக்கு மேல் பேசமாட்டார். மரத்தை இறக்கச் சொல்லி, மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் IX தலைகீழாகி XI; அது பதினொன்று.

"மரம் சரி. நீ நிண்ட இடம்தான் பிழை."

சாய்வுக் கட்டை

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக், திராமன் நகர்ப் பக்கம் களஞ்சியத்தோடு ஒரு பண்ணை வாங்கினார். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சாய்வாக நிற்கும் கட்டைகள் தலையில் இடிக்கின்றன, எடுக்கலாமா என்று கேட்டார். காற்றைத் தாங்குவதே அவைதான், தொடவேண்டாம் என்றேன். மேசைப்பந்துக்கு இடம் போதவில்லை என்று நாலைக் கழற்றிவிட்டார்.

அடுத்த புயலில் எனக்குத் தொலைபேசி. "மேடம், பில்டிங் சாஞ்சிருச்சு. கதவு திறக்கல. நான் உள்ள இருக்கேன்."

"வைக்கோல் ஜன்னலால குதியுங்கோ! இப்பவே!" என்று கத்தினேன். அவர் குதித்தார். காஞ்சோன்றிப் பற்றைக்குள் விழுந்து, சொறிந்தபடி பேசினார்.

முட்டுக் கொடுத்து, சங்கிலிக் கப்பியால் விரல் விரலாக இழுத்து நிமிர்த்த எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. கட்டைகள் திரும்ப ஏறியதும் அவர் மனைவி நித்யா தேநீர் கொண்டுவந்து தந்தார். "வீட்டுலயும் இப்படித்தாங்க மேடம், எது எதைத் தாங்குதுன்னு பார்க்காமயே கழட்டிடுவாரு."

கட்டடம் சரிந்தால் நிமிர்த்தக் கப்பி இருக்கிறது, கட்டடத்தின் சொந்தக்காரரையும் ஆர்க்கிடெக்டையும் நிமிர்த்தத்தான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.