மெட்ராஸ் என்று எழுதிய லேபிள்

எடைத்தட்டில் பெட்டி 'தொப்'பென்று விழும் சத்தம் எங்கே கேட்டாலும், எண்பதுகளில் மலேசியாவின் சுபாங் விமான நிலையக் கவுண்டரில் நின்ற அந்த அக்கா நினைவில் எழுகிறார். ஒல்லி உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. லேபிளைக் கட்டியதும், தன் முடிச்சையே சந்தேகப்படுபவர்போல் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்.

நான் அவர் முன்னால் போய் நின்ற நாளுக்கு மறுநாள் காலை மெட்ராஸில் தங்கைக்குக் கல்யாணம். வீட்டார் முன்பே போய்விட்டார்கள். அப்பாவின் புதிய செயற்கைக் கால் நான் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் தயாரானது. அதைக் கொண்டுபோக, சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு கம்பெனி விமானத்தில் இன்னொன்று என்று அவசரமாக வாங்கியிருந்தேன். பெட்டி நீளம், கையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"ரெண்டும் வேற வேற டிக்கெட் லா தம்பி. பெட்டி சிங்கப்பூரோட நின்னுடும். நீங்கதான் எடுத்து மறுபடி போடணும்."

"நடுவுல ஒரு மணி நேரந்தான் அக்கா. பிளைட் போயிடும்."

"அப்ப பெட்டிய விட்டுட்டுப் போங்க."

"உள்ள எங்கப்பா கால் இருக்கு. நாளைக்கு அவரு நின்னு தாரை வார்க்கணும்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பின்னால் சூப்பர்வைசர் உலாத்திக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் முதுகு திரும்பியதும், லேபிளில் மெட்ராஸ் என்று எழுதிக் கட்டி, இரண்டு முறை இழுத்தார்.

மறுநாள் அப்பா நின்றுதான் தாரை வார்த்தார். முன்பின் தெரியாத எனக்காக அந்த அக்கா ஏன் துணிந்தார் என்பது இன்றும் புரியவில்லை. அன்று கவுண்டரை விட்டு நான் நகரும்போது குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி வரலைன்னா என் பேரச் சொல்லிடாதீங்க."

"உங்க பேரே எனக்குத் தெரியாதே அக்கா."

"அதான் நல்லது லா. ஓடுங்க."