ஏழாவதாக வந்தவனின் ஊக்கமருந்து

அறுபதைத் தாண்டியவர்களுக்கான சைக்கிள் போட்டியில் ஒன்பது பேரில் ஏழாவதாக வந்தேன். மருந்துப் பரிசோதனைக்குச் சீட்டுக் குலுக்கியதில் என் எண் விழுந்தது. சில வாரம் கழித்து விருத்தாசலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாம். இரண்டு ஆண்டுத் தடை ஏன் விதிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். என் முழங்கால் அவ்வளவு காலம் காத்திருக்காது.

"ஊக்கமருந்து போட்டும் ஏழாவதுதானா?" என்றாள் மனைவி.

அரசு அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நோட்டீஸில் ஓட்டை தேடினேன். முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. நாங்கள் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக அனுப்பியதில்லை.

பிறகுதான் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது. வேறு மருந்துகளை மறைக்க உதவும் என்பதால் அதற்குத் தடை. கோப்புகளின் அடிக்குறிப்பு வரை படித்தவன், அட்டையைப் படிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் மாத்திரை வாங்கும் மெடிக்கல்கார அம்மாவிடம் அட்டையைக் காட்டினேன்.

"அன்னைக்கு உங்களுது ஸ்டாக் இல்ல சார். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு நான்தான் மாத்திக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

கேட்டவனே விளைவையும் சொன்னேன். டாக்டர் சீட்டில் இல்லாததைக் கொடுத்ததாக எழுதினால், அது மருந்து ஆய்வாளர் கைக்குப் போனால், கடை லைசென்ஸுக்கே கேள்வி வரும்.

அவர், செராமிக் கம்பெனியிலிருந்து வெள்ளைப் பொடி படிந்த சட்டையோடு வந்தவருக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"நடந்தது அதானே சார். பில் காப்பியும் தரேன். நீங்க சைக்கிள் ஓட்டாம வூட்லயே இருந்தா அக்கா பாடு கஷ்டம்."

பணிக்காலத்தில் நான் வாங்கிய விளக்கங்களில் தவறுகள் எல்லாம் தாமாகவே நடந்திருந்தன. "நான் மாற்றிக் கொடுத்தேன்" என்று தொடங்கும் கடிதத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். வீட்டுக்கு வந்து, எழுதி வைத்திருந்த பதினோரு பக்க ஆட்சேபணையைக் கிழித்தேன். அட்டையைப் படிக்காதது என் தவறு என்று ஒரே பக்கம் எழுதி, அவர் கடிதத்தோடு அனுப்பினேன்.

காணொளி விசாரணையில் இரண்டையும் படித்தார்கள். இரண்டு ஆண்டுத் தடை மூன்று மாதமாகக் குறைந்தது.

கடைக்கு இதுவரை ஆய்வாளர் யாரும் வரவில்லை. வந்தால், எந்த விதியில் கேட்டாலும் பதில் எழுத நான் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் கிழித்த ஆட்சேபணையின் கதையும் அவருக்குத் தெரியும்.

"வேணாம் சார். நீங்க பதினோரு பக்கம் எழுதுவீங்க" என்கிறார்.