டெலிவரி ரிப்போர்ட் ஆன்

எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. பத்து வருஷம் உப்பளத்தில் கால் வெடித்தவளுக்கு அது இல்லாமல் முடியாது.

என்னுடையது பட்டன் போன். உப்புக் காற்றுக்கு டச் போன் தாங்காது. எங்கள் கணக்கப்பிள்ளையே பட்டன் போன்தான் வைத்திருந்தார். இந்த மாதிரிப் போனில் நூறு மெசேஜ் சேர்ந்தால் நிறைந்துபோகும், அப்புறம் ஒன்றும் உள்ளே வராது. ரீசார்ஜ் விளம்பரம் வந்தால் உடனே அழித்துவிடுவேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செட்டிங்ஸுக்குள் நோண்டி, டெலிவரி ரிப்போர்ட் என்றிருந்ததை ஆன் செய்தேன். நாம் போட்ட மெசேஜ் எதிராளி போனுக்குப் போய்ச் சேர்ந்தால், மணி நேரத்தோடு ஒரு சீட்டு நமக்குத் திரும்பி வரும். பக்கத்துப் பாத்திக்காரி சிரித்தாள்.

"ஏளா, நீ என்ன கலெக்டர் ஆபீஸுக்கா மனு போடுத?"

எங்கள் அளத்தில் ஒரு சட்டம். சொல்லாமல் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் பாத்தி போச்சு. மறுநாள் அதில் வேறு ஆள் நிற்பாள். அந்தப் பங்குனியில் உப்பின் வெளிச்சம் பட்டுப் பட்டு எனக்குக் கண் மங்கியது. கணக்கப்பிள்ளைக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. 'நாளைக்கு கண் ஆஸ்பத்திரி. மறுநாள் வாரேன்' என்று மெசேஜ் போட்டேன். சீட்டு வந்தது.

சொன்னபடி ஆஸ்பத்திரிக்கு மறுநாள் வேலைக்குப் போனால், என் பாத்தியில் அவருடைய கொழுந்தியா நிற்கிறாள், நான் உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு.

"சொல்லாம நின்னா இதான் கதி," என்றார் கணக்கப்பிள்ளை.

"மெசேஜ் போட்டேனே அண்ணாச்சி."

"வரல. போன் நிறைஞ்சு கிடந்திருக்கும்."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் கவரிலிருந்து போனை உருவினேன்.

"நிறைஞ்ச போன்ல மெசேஜ் ஏறாது. ஏறலைன்னா எனக்குச் சீட்டு வராது. இந்தா இருக்கு, முந்தாநேத்து சாயங்காலம் அஞ்சரை மணி."

"இங்கன குடு, பாப்போம்."

கையை நீட்டினார். ஒரு பட்டனை அழுத்தினால் என் பாத்தியும் சேர்ந்து அழிந்துபோகும். எனக்குத் தெரியாதா?

"என் கையில இருக்கும்போதே பாருங்க," என்றேன். கடைசிப் பாத்திவரை கேட்கும்படி சீட்டை வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசித்தேன். கொழுந்தியா பலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் ஏறிவிட்டாள்.

"இனிமே மெசேஜ் கிசேஜ் வேண்டாம். போன் பண்ணிச் சொல்லு," என்றார்.

"நீங்க எடுக்க மாட்டீங்க. மெசேஜ்தான் போடுவேன்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் பதினாலு போன்கள் என் மடிக்கு வந்தன. சிரித்தவளின் போன்தான் முதலில். எல்லாவற்றிலும் ஆன் செய்து கொடுத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து பதினைந்து பேரும் தினமும் கணக்கப்பிள்ளைக்கு 'நாளைக்கு வாரேன்' என்று போட்டோம்.

ஒரு வாரம் கழித்து என் பாத்திக்கே வந்து நின்றார்.

"உங்க தொல்லை தாங்கல. போன் நிறைஞ்சு முதலாளி மெசேஜே உள்ள வரமாட்டேங்கு."

நான் குனிந்த தலை நிமிரவில்லை. உப்பை வாரிக்கொண்டே சொன்னேன்.

"அழிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்ககிட்ட சீட்டு இருக்கு."