பாவாயி அக்காவைப் பற்றி நான் எழுதிய பிராது

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை காலை. குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேன் ஓட்டும் செங்கோடன் தம்பி கூப்பிட்டார். "அக்கா, நம்ம பாவாயக்கா தவறீட்டாங்க. விடிகாலம் எந்திரிச்சு தண்ணி காய வெக்கப் போனவங்க, அடுப்படியிலயே சாஞ்சுட்டாங்களாம்." என் கையிலிருந்த புளியைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் நம் விளக்கு பூஜைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அக்கா வேலை பார்த்த ட்ராவல்ஸ்காரர்கள் அடித்த அஞ்சலிப் படம். சிவப்பு ரோஜாக்களுக்கு நடுவில் பாவாயி அக்கா, மேலே 'எங்கள் நிறுவனத்தின் அணையா விளக்கு' என்று எழுத்து. அதன் கீழே நம் குழுப் பெண்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த விளக்கை ஊதி அணைத்தவர்கள் யார்? ட்ராவல்ஸ்காரர் ஊதினார். நாம் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து ஊதினோம். எல்லாரையும்விடப் பலமாக ஊதியவள் நான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாவாயி அக்காவுக்கு ஊர் இராசிபுரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொல்லிமலைக்குச் சுற்றுலா போகும்போது சமைத்துப் போடப் போனவர், போய்ப் போய் மலையைப் படித்துக்கொண்டு வழிகாட்டி ஆகிவிட்டார். காலையில் வெண்ணந்தூரில் வேனில் ஏற்றினால், எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி, கோயில், அருவி, படகுத்துறை எல்லாம் காட்டி, பொழுது சாய வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். பத்து வருடத்துக்கும் மேலாக அதுதான் அவர் வேலை.

முதன்முதல் அவருடன் போனபோது வேனில் பெயர் கூப்பிட்டார். என் முறை வந்ததும், "டெய்லர் வீட்டுக்காரம்மாங்க" என்றேன். ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"டெய்லரு வண்டியில வல்லீங்களே. வந்திருக்கற ஆளு பேரச் சொல்லுங்க."

வேனே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெயலட்சுமி என்று சொன்னேன். அவர் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மலையில பனி எறங்குனா எதுக்க நிக்கற ஆளு தெரியாதுங்க அம்மிணி. டெய்லர் வீட்டுக்காரம்மான்னு கத்துனா டெய்லருதான் திரும்பிப் பாப்பாரு." அன்று முழுக்க ஒவ்வொரு இடத்திலும் என்னை ஜெயலட்சுமி என்றே கூப்பிட்டார். என் பெயரை அத்தனை தடவை ஒரே நாளில் நான் கேட்டதே இல்லை.

அவர் கறாரான ஆள். மலை ஏறி முடிக்கும்வரை இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க விடமாட்டார். முதல் வளைவில் ஆளுக்கு அரை எலுமிச்சம்பழம் உப்புத் தொட்டுக் கொடுத்துச் சப்பச் சொல்வார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கவேண்டும். ஏறி வரும்போது, யார் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்களோ அவருக்குப் பின்னால்தான் இவர் வருவார். முன்னால் போனவர்கள் மேலே நின்று, "இன்னும் எவ்வளவு நேரமுங்க?" என்று கத்துவார்கள். "கீழ எறங்கறத உங்க காலு பாத்துக்கும். மேல ஏறறத நான்தான் பாக்கோணும்" என்று கீழ்ப் படியிலிருந்து பதில் வரும்.

இப்போது அந்தக் கார்த்திகை சோமவாரத்துக்கு வருகிறேன். அன்று வந்த அத்தனை பேருக்கும் நினைவிருக்கும். அவரவருக்கு வசதியானபடி நினைவிருக்கும்.

அருவியில் குளித்து, அந்தத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து நம் பூஜைக்கு வைப்பது என்று தலைவியம்மா முடிவு செய்திருந்தார். என் மகளுக்காக எனக்குத் தனியாக ஒரு வேண்டுதல். ஞாயிறு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், அருவியில் முழுகி ஈசனைக் கும்பிட்ட பிறகுதான் வாய் நனைப்பது என்று விரதம். விரதத்தை வெளியே சொன்னால் பலன் குறையும் என்று நினைப்பவள் நான். யாரிடமும் சொல்லவில்லை.

கோயில் வாசலில் இறங்கினோம். தலை கொஞ்சம் சுற்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவாயி அக்கா பாட்டிலை நீட்டினார். "ஒரு வாய் குடிங்க சாமி." நான் முறைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "அருவிக்கு இன்னைக்குப் போகப்படாதுங்க. மேல பேஞ்சிருக்குது. தண்ணி எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அருவிப் படிக்கட்டின் கேட் திறந்திருந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் கண் முன்னால் படி இறங்கிப் போனது.

"எங்கீங்கக்கா மேகம்?" என்றாள் கௌரி.

"அதா, அந்தக் கரட்டு உச்சிக்கு மேல."

"அது மேகமாங்க? எங்கூட்டுக்காரரு உடற பீடிப் பொகைகூட இதவிடக் கறுப்பா இருக்குமுங்க!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தலைவியம்மா சிரிக்கவில்லை. "இவளுக்கு அடங்கி நடக்கறதுக்கா நாம வண்டியேறுனோம்?" என்றார், அக்காவின் காதில் விழும்படியாகவே. பாவாயி அக்கா படியின் முதல் மேடையில் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்னையத் தாண்டிப் போறவங்க போங்க. நான் கூட வாரதில்ல. வேனும் நிக்காது." யாரும் தாண்டவில்லை. சாமியை மட்டும் கும்பிட்டோம். குருக்கள் தந்த தீர்த்தத்தில்தான் என் விரதம் முடிந்தது. குளிக்காமல் முடிந்த விரதம் ஆயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்தூர்க்காரர்கள் நனைந்த தலையோடு ஏறி வந்து, "இம்மாந்தூரம் வந்துட்டு குளிக்காமயா போறீங்க?" என்று கேட்டபோது, அழுகை போய்க் கோபம் வந்தது.

நான் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதியெல்லாம் பஞ்சாங்கத்தையும் தேவாரப் புத்தகத்தையும் பார்த்து நானே எழுதிப் பழகியது. எது நடந்தாலும் நேரம் போட்டு நோட்டில் குறித்துவிடுவேன். குழுவின் கடிதங்களையும் நான்தான் எழுதுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் தலைவியம்மா, "ட்ராவல்ஸுக்கு ஒரு பிராது எழுது" என்றார். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஆசையாகவே எழுதினேன். ஒன்று, வெறும் வயிற்றோடு பெண்களை மலை ஏற்றுகிறார். இரண்டு, மழை இல்லாதபோது மழை என்று பொய் சொல்லி அருவிக்கு விட மறுத்தார். மூன்று, பொது இடத்தில் கத்துகிறார். நான்கு, ஆமை வேகத்தில் நடப்பவர்களுக்காக எல்லாரையும் காக்க வைக்கிறார். இரண்டாவது குறைக்கு என் நோட்டிலிருந்து சாட்சியும் சேர்த்தேன். ஒன்பது இருபத்தைந்துக்கு வெயில். பத்து நாற்பதுக்கு வெயில். பன்னிரண்டேகாலுக்கும் வெயில். எல்லாரும் கையெழுத்துப் போட்டீர்கள். "வக்கீலு தோத்தாரு போ" என்று என் முதுகில் தட்டினீர்கள்.

தை மாதத்தில் பாவாயி அக்கா வேலையில் இல்லை.

மாசியில் பூஜைச் சாமான் வாங்க இராசிபுரம் போனேன். செங்கோடன் தம்பி வழி சொல்லியிருந்ததால் அக்காவின் வீட்டுக்கும் போனேன். மனசாட்சி உறுத்திப் போனதாக நினைக்கவேண்டாம். வேலை போய்விட்டதே, பாவம், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று பெரிய மனுஷி மாதிரிதான் போனேன். வாசலில் கொத்தவரங்காய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க ஜெயலட்சுமி. உங்க எழுத்து முத்து முத்தா இருந்துச்சுங்க. மொதலாளி எம் முன்னாலயே படிச்சாரு."

கையிலிருந்த பூஜைச் சாமான் பையைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு, மூணு, நாலு, இந்த மூணு கொறையும் நெசம். மாத்திக்க மாட்டேன். ரெண்டாவதும் நெசந்தானுங்க. மழைன்னு பொய்தான் சொன்னேன்."

"எதுக்குங்கக்கா?"

"உங்கள வெச்சுக்கிட்டு எப்படீங்க கீழ எறக்கறது? அத்தன பேரும் எலுமிச்சங்காயச் சப்புனாங்க. நீங்க மோந்து பாத்துட்டு மடியில வெச்சுக்கிட்டீங்க. கோயல்ல எறங்கறப்ப ஒதடு வெடிச்சுக் கெடக்குது, தூணப் புடிச்ச கையி நடுங்குது. பட்டினின்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க எறங்கிருவீங்க அம்மிணி. ஏறியிருக்க மாட்டீங்க."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"தண்ணி குடின்னதுக்கே மொறச்சீங்க, சொன்னா நிக்கற ஆளா நீங்க? எல்லாரு முன்னாலயும் சொன்னா, உங்களாலதான் குளியல் கெட்டுச்சுன்னு ஊரு வந்து சேரற வரைக்கும் உங்களப் பேசுவாங்க. சாமி காரியத்துல வந்த ஆள எதுக்கு ஏச்சு வாங்க வெக்கறது? என்னையத் திட்டட்டும்னு உட்டுட்டேன்." வற்றலைப் புரட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "திட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். எழுதுவீங்கன்னு நெனைக்கல."

அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. இன்னொரு கடுதாசி எழுதிக் குடுங்க. நடந்தத எழுதுங்க, போதும். வேலை திரும்பக் கெடைக்கும். மலைக்குப் போவாம ஊட்டுலயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிக்குது."

எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வீட்டு வாசலில், சூரியனைப் பார்த்துச் சொன்னேன்.

எழுதவில்லை.

எழுதினால் விரதத்தைச் சொல்லவேண்டும். எல்லாருடைய குளியலும் என்னால்தான் கெட்டது என்று தலைவியம்மாவுக்குத் தெரிந்துவிடும். குழுவில் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? இதுதான் காரணம். மற்றதெல்லாம் சாக்கு. பங்குனியில் மாரியம்மன் பண்டிகை. சித்திரையில் மகள் வந்தாள். வைகாசியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. ஒவ்வொரு மாதமும் நோட்டின் முதல் வரியில் 'பாவாயி அக்கா கடிதம்' என்று எழுதுவேன். மாதம் முடிந்ததும் அடுத்த மாதத்தின் முதல் வரியில் அதையே எழுதுவேன். பிராது எழுத எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியவளை நான் மெய் எழுதிக் கெடுத்தேன். தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அதையும் செய்தேன்.

வேலை போன துக்கத்தில்தான் செத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததாக மருமகள் சொன்னாள். ஆனால் கடைசி ஏழெட்டு மாதம் அவர் மலையைப் பார்க்கவில்லை. அது யாரால் என்பது எனக்குத் தெரியும்.

சாவு வீட்டுக்கு நம்மில் ஆறு பேர் வந்தோம். ட்ராவல்ஸ்காரர் ஆள் உயர மாலை கொண்டுவந்தார். தலைவியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நம்ம குழுவோட ஆண்டு மலருக்கு நல்லவிதமா எழுதிரு. வயசாகி ஓய்வெடுத்துக்கிட்டாங்கன்னு போடு. செத்தவங்களப் பத்திக் கிளறக்கூடாது" என்றார். செத்தவரைப் பற்றி யார் கிளறுகிறார்கள்? இருக்கிறவர்களைப் பற்றித்தான் கிளறவேண்டியிருக்கிறது. விரதத்தையும் எலுமிச்சம்பழத்தையும் அங்கேயே சொன்னேன். தலைவியம்மா யாருக்காவது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளு வாய மூடிக்கிட்டுத்தான இருந்த? இன்னும் கொஞ்சம் மூடிக்கிட்டா என்ன?" என்றார். அந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் பாதிக்குத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வெடுத்துக்கொண்டார் என்ற வார்த்தையை என் கையால் எழுதமாட்டேன். அவரை நீக்கினார்கள். நாம் கேட்டோம், அவர்கள் நீக்கினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ட்ராவல்ஸுக்கு அந்தக் கடிதத்தை எழுதி, என் ஒருத்தி கையெழுத்தோடு அனுப்பினேன். முதலாளி போனில் கூப்பிட்டார். பாவம், மரியாதையாகத்தான் பேசினார். "அவங்கதான் இல்லைங்களே அம்மா. இப்ப இத வெச்சு நான் என்ன பண்றதுங்க?"

"படிங்க" என்றேன். "அந்தப் பிராதுக் கடுதாசிய அவங்க முன்னால வாய் விட்டுப் படிச்சீங்கல்ல? இதையும் உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் முன்னால படிங்க."

படித்தாரா, தெரியாது.

பாவாயி அக்காவோடு மலை ஏறிய எல்லாருக்கும் தெரியும், அவர் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும். வேனுக்குள் வாந்தி எடுத்தவளிடம், "பரவால்லீங்க." செருப்பை ஆற்றில் விட்டவளிடம், "பரவால்லீங்க, என்ற செருப்பப் போட்டுக்குங்க." மாசி மாதம் அவர் வாசலை விட்டு நான் கிளம்பும்போது, அந்த வார்த்தையை எனக்கும் சொல்லுவார் என்று வேலிப் படலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வற்றலைப் பார்த்தபடி, "வெயிலு ஏறுது, போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் அவருடைய சிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள், படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன். சாமி சன்னதியில்கூட அதை இறக்கி வைக்க நான் கேட்கப்போவதில்லை.