கழற்றி வைத்த பெல்ட்

நாங்கள் ஆக்லாந்தில் வாங்கிய முதல் கார், ஜப்பானில் பத்து வருடம் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. உள்ளே ஒட்டியிருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. ஏசி என்ற பொத்தானில் மட்டும் இங்கிலீஷ் இருந்தது. அதைக் கண்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த வருடங்களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவன் நான். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, புகை கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றியிருக்கிறேன். அப்படி வந்தவனுக்கு ஏசி என்பது பெற்றோல் குடிக்கிற பேய். பொத்தானை அமத்தாமல் விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பெல்ட் சும்மா சுற்றினாலே எஞ்சினுக்குப் பாரம் என்று என் மேதாவித்தனம் சொன்னது. முதல் சனிக்கிழமையே பொனற்றைத் திறந்து, ஏசி கம்பிரசரைச் சுற்றுகிற பெல்ட்டைக் கழற்றி, நாங்கள் குடியிருந்த ரானுயி வீட்டுக் கராஜில் ஓர் ஆணியில் கொழுவினேன். மனைவியிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் அவளுக்கு என்னத்துக்குச் சொல்ல வேணும் என்றுதான் நினைத்தேன்.

அவள் மன்னாரில் எட்டு வருடம் தாதியாக இருந்தவள். இங்கே அந்தப் படிப்பு செல்லவில்லை. நகரத்துக்கு அந்தப் பக்கம், எப்சமில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றினாள். ரயில் ஏறி, இறங்கி, பிறகு பஸ். மூன்றாம் வருடம் ஒரு வேலை தேடி வந்தது. ரானுயி, கிளென் ஈடன் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் புண் கட்டி மருந்து கொடுக்கிற வேலை. மாத முடிவுக்குள் லைசென்ஸ் எடுத்தால் அவளுக்குத்தான் என்றார்கள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் மன்னாரில் கண்டதோடு சரி.

நான்தான் பழக்கினேன். மழைக்காலம். இரண்டு பேர் உள்ளே இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிவிடும்.

"என்னப்பா இது, முழுக்கப் புகாராக் கிடக்கு. ஏசியைப் போட்டால் காயுமாம், வேலையில சொல்லினம்."

"கண்டறியாத ஏசி! துணி கிடக்கு, துடையும்."

அவள் கேட்காமல் பொத்தானை அமத்தினாள். பச்சை லைற் எரிந்தது. காற்றும் வந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது.

"இது வேலை செய்யேல்லையே."

"பழைய கார். காஸ் முடிஞ்சிருக்கும்," என்றேன். வாய் கூசவில்லை. அந்த நிமிடம் சொல்லியிருந்தால், சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். அதோடு முடிந்திருக்கும்.

லைசென்ஸ் சோதனை நாளன்று கொட்டோ கொட்டென்று மழை. ஈரக்கோட்டோடு ஏறி உட்கார்ந்தார் அதிகாரி. நான் அலுவலகத்துக்குள் ஒரு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். இருபது நிமிடத்தில் கார் திரும்பியது, ஆனால் அதிகாரி ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி மூடியதும் ஏசியைப் போடச் சொன்னாராம், போட்டாளாம், லைற் எரிந்ததாம். பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் சந்தியில் காரை வெளியே விட்டிருக்கிறாள். ஒரு வான் அலறிக்கொண்டு வர, அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் ஏறினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் கவனமா ஓடியிருக்கலாம்." சொல்ல வேறு வார்த்தையா கிடைக்கவில்லை எனக்கு!

மாத முடிவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவளே எங்கள் சேர்ச்சுக்கு வருகிற ஒரு மலேசியத் தமிழரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாகன ஏசி திருத்துவதுதான் அவருக்குத் தொழில். காரைக் 'காடி' என்பார். பியூஸைப் பார்த்தார். பிறகு பொனற்றைத் திறந்து டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னா அண்ணே, காடியில பெல்ட்டே இல்லையே லா! யாரு கழட்டுனது?"

"வாங்கேக்குள்ளயே இல்லாமல் இருந்திருக்கும்," என்றேன் நான்.

கராஜில் தொங்கியது என்னவென்று மனைவிக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய் ஆணியில் கிடந்ததை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதா பாருங்கோ அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார். "ரொம்ப நாளு ஓடாம கெடந்தா சீல் காஞ்சு கேஸ் போயிரும்ணே. மாத்திப் போட்டுர்லாம்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் எல்லாம் சரி. மழைக்குள் ஏசியைப் போட்டேன், கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. பெற்றோல் கூடக் குடித்ததாகவும் தெரியவில்லை. நான் பெரிய சாதனை செய்தவன் போல உள்ளே ஓடினேன்.

"வந்து பாரும், எப்பிடிக் கிடக்கெண்டு! நாளைக்கே திரும்ப டெஸ்ட்டுக்கு எழுதுவம்."

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வேண்டாமப்பா."

"ஏன், பயமே?"

"ஓடப் பயமில்லை. பக்கத்தில இருந்து, ஒண்டும் வரேல்லை, போம் எண்டு நீங்கள் சொல்லுவியள். அதை நம்பித்தானே நான் பிரேக்கில இருந்து காலை எடுத்தனான். இனி எப்பிடி நம்புறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சும்மா, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். வேறு ஆளிடம் பழகச் சொன்னேன், அதுவும் வேண்டாம் என்றாள். மாதம் முடிந்தது. அந்த வேலை வேறு யாருக்கோ போனது.

அதன் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எப்சம் இல்லத்துக்கே வருடக்கணக்காகப் போய்வந்தாள். காலையில் ரானுயி ஸ்டேஷனில் நான்தான் இறக்கிவிடுவேன். வீட்டிலிருந்து ஆறு நிமிடம். பிழை என்னுடையது என்று சொல்ல ஆறு நிமிடம் தாராளம். ஒவ்வொரு காலையும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். அவள் கதவைச் சாத்தி, "வாறன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போவாள்.