முள்ளெடுத்த கை

இது உண்மையாக நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. மொன்றியலில், லாசாலில் இருபத்தேழு வருடமாகக் குடியிருக்கும் இந்திராதேவி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. சொன்னாலும், இப்படி ஒரு பழியைத் தன் தலையில் தானே தூக்கிப் போட்டுக்கொள்ளுகிற அளவுக்குப் பைத்தியமும் இல்லை. நேரங்களைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்லுகிறார். பேய் என்றால் இருட்டு வேண்டும், சுடுகாடு வேண்டும் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். இது பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த ஒரு சாப்பாட்டுக்கடையில் நடந்தது.

போன வருடம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 11:20. கணவர் குலேந்திரன் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். மகள் தக்ஷினி சேலைக்குக் குத்த ஊசி தேடிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டாரோடு சாப்பாடு. கல்யாணத்துக்கு நாள் வைக்கிற சாப்பாடு. அந்த நேரம் பார்த்து இந்திராதேவியின் ஃபோன் அடித்தது.

"மச்சாள், அம்மா போயிட்டா."

கணவரின் தம்பி திருமாறனின் குரல். திருகோணமலையில் தாயை வைத்துப் பார்ப்பவர் அவர்தான். அழுகை இல்லை. பின்னால் ஆள் சத்தம் இல்லை. இந்திராதேவி "எப்ப? எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது... பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். மாமிக்கு எண்பத்துநான்கு வயது. குலேந்திரன் மூத்த பிள்ளை. இப்போது சொன்னால் அந்த நிமிடமே துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் மட்டுமா? ஒரு வருடம் கழித்து ஆட்டைத் திவசம் முடியுமட்டும் வீட்டில் நல்ல காரியம் வேண்டாம் என்று மனிதர் ஒரே பிடியில் நிற்பார். தக்ஷினிக்கு முப்பத்துமூன்று வயது. இரண்டு சம்பந்தம் வாசல்வரை வந்து கலைந்துவிட்டது. இந்த றெனோல்ட் அவளாகப் பார்த்த பிள்ளை. மட்டக்களப்புக் கத்தோலிக்கர். தாய் கத்தரின் சம்மதம் சொல்லவே நான்கு வருடம் எடுத்தது. செப்டெம்பரில் றெனோல்ட் வேலைக்கு எட்மன்டன் போகிறார், அதற்கு முன் கல்யாணம் முடியவேண்டும் என்பது கத்தரினின் ஒரே நிபந்தனை.

நல்ல காரியம் முடியட்டும் என்று சாவுச் செய்தியை ஒளித்து வைப்பது நம்மவர்களுக்குப் புதிதில்லை. இந்திராதேவியும் அதைத்தான் செய்தார். பின்னேரம் சொல்லலாம். ஆறு மணித்தியாலம். செத்தவருக்கு ஆறு மணித்தியாலத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாராம். இதை அவரே சொல்லி அழுகிறார்.

12:05. தன் ஃபோனை நிறுத்தினார். புறப்படும்போது கணவரிடம் கை நீட்டினார்.

"சம்மந்தியாக்களுக்கு முன்னால ஃபோன் நோண்டிறது வடிவில்லை. தாங்கோ, நான் வச்சிருக்கிறன்."

குலேந்திரன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அது கைப்பைக்குள் போனது.

கத்தரின் வீடு கர்க்லாண்டில். அங்கிருந்து பத்து நிமிட ஓட்டத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது அந்தக் கிரேக்கக் கடை. பெயர் வேண்டாம், இன்றைக்கும் நன்றாக ஓடுகிற கடை. மொன்றியலில் கடல் இல்லாத குறையைத் தீர்க்க வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கூரையில் வலை எல்லாம் வைத்திருந்தார்கள். அன்று ஏரியில் மூடுபனி. மறுகரை தெரியவில்லை. கடல் என்றே நம்பியிருக்கலாம்.

உள்ளே போனவுடன் ஐஸ் மேல் மீன்கள் அடுக்கியிருக்கும். பிடித்ததைக் காட்டினால் முழுசாகச் சுட்டுத் தருவார்கள். நேரம் 12:50. கத்தரினும் றெனோல்ட்டும் இன்னும் வரவில்லை. எலிசா என்று சட்டையில் பெயர் குத்திய ஐம்பது வயதுப் பெண் வந்தார். பிரெஞ்சில் பேசினார்.

"போன்ஜூர். உங்கள் மீனை அந்த அம்மா ஏற்கனவே தெரிவு செய்து தந்துவிட்டார்."

"எந்த அம்மா?" என்றாள் தக்ஷினி.

"உங்களுக்கு முன்னால் உள்ளே வந்தாரே, வெள்ளைத் தலை. செவுளைத் திறந்து பார்த்தார். இங்கே யாரையும் தொட விடுவதில்லை. வயதானவர் என்று பேசாமல் இருந்தேன்."

வேறு யாரையோ மாறி நினைக்கிறார் என்று தக்ஷினி தாய் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். எலிசா தட்டை நீட்டிக் காட்டினார். விளைமீன் போல ஒரு பெரிய மீன். செவுள் திறந்தபடி இருந்தது. வயிற்றில் ஒரு விரல் அழுத்திய குழி.

"அம்மா பாத்து வாங்கின மாதிரி இருக்கு," என்றார் குலேந்திரன்.

தாயைப் பறிகொடுத்த நாளில் இந்த மனிதன் மீன் தின்னப் போகிறார். தின்ன வைக்கப்போவது தான்தான்.

"இண்டைக்கு மரக்கறியாச் சாப்பிடுவமே?"

"ஞாயிற்றுக்கிழமையில மரக்கறியோ? என்ன இந்திரா, மீன் கடைக்கு வந்து."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். மூலையில் ஏரி பார்த்த மேசை. கத்தரின் நல்ல மனநிலையில் இருந்தார். பூசை முடித்து நேரே வந்ததாகச் சொன்னார். தக்ஷினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். இந்திராதேவி அதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

1:25. மீன் வந்தது. தேசிக்காய்ப் புளியும் ஒலிவ் எண்ணெயும் ஊற்றியிருந்தது. முள் எடுத்துத் தரட்டுமா என்று எலிசா கேட்டார். குலேந்திரன் வேண்டாம் என்றார். சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பெரிய துண்டைப் போட்டுக்கொண்டு, எட்மன்டன் குளிரைப் பற்றி றெனோல்ட்டோடு பேசத் திரும்பினார்.

1:32. திரும்பக் கோப்பையைப் பார்த்தார்.

"நீர் எப்ப முள்ளெடுத்தனீர்?"

இந்திராதேவி எட்டிப் பார்த்தார். முள்ளெல்லாம் கோப்பை ஓரத்தில், பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக இருந்தது. நடுவில் வெறும் சதை.

அவர் முள் எடுக்கவில்லை. கோப்பையை அவர் தொடவே இல்லை.

குலேந்திரனுக்குச் சின்ன வயதில் ஒருமுறை தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரி வரை போயிற்று. அதன்பிறகு அவருக்குப் பிள்ளை பிறந்த பிறகுகூட, தாய் பக்கத்தில் இருந்தால் அவர்தான் முள் எடுத்துக் கொடுப்பார். இப்படித்தான் வரிசையாக வைப்பார்.

"ஓம்... நான்தான்," என்றார் இந்திராதேவி. அன்றைய இரண்டாவது பொய்.

1:50. காலடியில் கைப்பை அதிர்ந்தது. ம்ம்ம்... ம்ம்ம்... நின்றது. மறுபடியும் ம்ம்ம்... செத்த வீட்டு விசாரிப்புகள் தொடங்கிவிட்டன என்று நினைத்தார். பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

2:05. குலேந்திரன் மூக்கைச் சுருக்கினார்.

"வேப்பெண்ணெய் மணக்கேல்லை?"

யாருக்கும் மணக்கவில்லை. இந்திராதேவிக்கு மணந்தது. மாமி முழங்காலுக்குப் பூசுகிற வேப்பெண்ணெய். அந்த மணம் அவருக்கும் கணவருக்கும் இடையிலிருந்து வந்தது.

2:15. குலேந்திரன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பை குறையவில்லை. ஒரு துண்டு வாய்க்குப் போனால்... அந்த இடத்தில் இன்னொரு துண்டு இருந்தது.

இந்திராதேவி கண் வெட்டாமல் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கண் வெட்டினார். ஒரு துண்டு கூடியிருந்தது.

வெள்ளை மேசைவிரிப்பில் எண்ணெய்ப் பொட்டுகள். மூன்று விரல்களின் தடம். கோப்பைக்குப் பக்கத்தில் மூன்று. கொஞ்சம் தள்ளி மூன்று. ஈரம் காயாமல் இருந்தன.

வாய்விட்டுக் கத்தவேண்டும் போல் இருந்தது. எதிரே தக்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார்.

2:34. கத்தரின் ஃபோனில் நாட்காட்டியைத் திறந்தார்.

"ஓகஸ்ட் பதினாறு. சனிக்கிழமை. கோயிலும் கிடைக்கும், மண்டபமும் கிடைக்கும். என்ன சொல்லுறீங்கள்?"

குலேந்திரன் கை துடைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எனக்குச் சந்தோசம். அம்மாட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன். இந்திரா, ஃபோனைத் தாரும்."

ம்ம்ம்... ம்ம்ம்...

பை அதிர்ந்தது. இந்திராதேவி அதன்மேல் காலை வைத்து அழுத்தினார்.

"அங்க இப்ப நடுச்சாமம். நித்திரையா இருப்பா."

"அம்மா எழும்புவா."

"பேந்து எடுப்பம். வயசுபோன மனிசி."

ம்ம்ம்...

ம்ம்ம்...

குலேந்திரன் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

"சரி. பேந்து எடுப்பம்."

2:40. அதிர்வு நின்றது.

வேப்பெண்ணெய் மணமும் நின்றது. கோப்பையில் கடைசித் துண்டு இருந்தது. குலேந்திரன் அதைத் தின்றார். அதன்பிறகு கோப்பை வெறுமையாகவே இருந்தது.

நாள் முடிவானது. எல்லோரும் கை குலுக்கினார்கள். தக்ஷினி தாயைக் கட்டிப்பிடித்தாள்.

மாலை 6:10. லாசால் வீட்டில், தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, இந்திராதேவி கணவருக்கு முன்னால் நின்று சொன்னார்.

"இஞ்சாருங்கோ. மாமி காலமை போயிட்டா. பதினொண்டு இருவதுக்குத் திருமாறன் எடுத்துச் சொன்னவன். பிள்ளைக்காக நான்தான் மறைச்சனான்."

குலேந்திரன் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு ஃபோனைக் கேட்டு வாங்கினார். எடுக்காத அழைப்புகள் பதினான்கு. முதலாவது 12:20. கடைசி 2:39. எல்லாம் திருமாறனிடமிருந்து. அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, ஏன் ஃபோன் எடுக்கேல்லை? மச்சாளின்ரயும் நிப்பாட்டியிருந்தது. பிள்ளையின்ர நம்பர் எங்களிட்ட இல்லை." அழுதுகொண்டே பேசினார். "அம்மா கடைசி மட்டும் நினைவோட இருந்தவ, அண்ணை. உங்களோட கதைக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. பன்னிரண்டு பத்துக்குத்தான் போனவ."

அங்கே நள்ளிரவு 12:10. இங்கே மத்தியானம் 2:40.

"அப்ப காலமை நீ மச்சாளுக்கு எடுத்தது?"

"எந்தக் காலமை?"

"இஞ்ச பதினொண்டு இருவது. அங்க இரவு எட்டு ஐம்பது."

"இல்லை அண்ணை. அந்த நேரம் நான் வீட்டிலயே இல்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, ஏத்த வாகனம் பாத்துத் திரிஞ்சனான்."

இந்திராதேவி தன் ஃபோனைத் திறந்து காட்டினார். 11:20, வந்த அழைப்பு, நாற்பத்தேழு செக்கன் என்று இருந்தது. பெயர் இருந்த இடத்தில் 'மாமி' என்று இருந்தது.

கல்யாணம் தள்ளிப்போயிற்று. குலேந்திரன் ஒரு வருடம் என்று சொன்னபோது றெனோல்ட் "ஒரு வருசம்தானே மாமா, வந்து போறன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கத்தரின் மறுநாளே மரக்கறிச் சமையலோடு வந்து, அடுத்த வருடமே வைக்கலாம் என்று தானாகச் சொன்னார். எதற்குப் பயந்து இந்திராதேவி அதைச் செய்தாரோ, அப்படி ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்று திருமாறனின் மனைவி கஜந்தி ஃபோனில் பேசினார். அந்த எட்டு ஐம்பதுக்கு மாமியோடு வீட்டில் தனியாக இருந்தவர் அவர்தான்.

"தானே ஃபோனை எடுத்து அமத்தினவ, அக்கா. வாய் அசைஞ்சது. சத்தம் வரேல்லை. வச்சுப்போட்டு என்னட்டைச் சொன்னவ, 'மருமகளிட்டச் சொல்லிப்போட்டன். அவள் அவனிட்டச் சொல்லுவாள்' எண்டு. பேந்து ஆஸ்பத்திரியிலயும் ஃபோனைப் பாத்துக்கொண்டே கிடந்தவ. ஒரு கையால போர்வையைக் கிள்ளிக் கிள்ளி ஓரத்தில வரிசையா வச்சவ. 'என்ன மாமி செய்யிறியள்?' எண்டு கேட்டன். 'அவன் சாப்பிடுறான், குழப்பாத. முடிச்சிட்டு எடுப்பான்' எண்டவ."

குலேந்திரன் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.